மரத்துக்கு விட்ட அறை

மார்ச் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இருமல் விட்டதா? நாள் முழுக்க ஈரத்தில் நின்று வேலை பார்க்கிறவள் நீ, காலுறையை நன்றாக உலர்த்திப் போட்டுக்கொள். இங்கே நாங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம்.

ஒரு தொந்தரவு வந்திருக்கிறது. குளியலறையில் ஊற்றுகிற தண்ணீர் போகாமல் திரும்பி வருகிறது. பிளம்பர் வந்து கம்பியை விட்டு இழுத்தார். சடை மாதிரி, என் முன்னங்கை நீளத்துக்கு, செக்கச் செவேலென்று ஒரு கற்றை வெளியே வந்தது. நான் முடி என்று நினைத்து முகம் சுளித்தேன். "முடி இல்லம்மா, வேரு. பின்னாடி நிக்கிற தூங்குமூஞ்சி மரம் உங்க குழாய்ல வாய வெச்சு குடிக்குது" என்றார்.

அதோடு போகவில்லை. உன் அறைக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. ஜன்னலுக்குக் கீழே மூலையில் விரிசல். சுண்டுவிரல் நுனி நுழைகிறது. தரையில் டைல்ஸ் எழும்பி நிற்கிறது. ஒரு நகரத்துச் சாக்கடையே உன் மேற்பார்வையில்தான் ஓடுகிறது என்று உன் அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடிக்கிறார். நம் வீட்டுச் சாக்கடைக்கும் ஒரு வழி சொல்.

அவர் நன்றாக இருக்கிறார். ரிட்டயர் ஆனாலும் காலையில் கால் பஸ் டிப்போவுக்குத்தான் போகிறது. பழைய டிரைவர்களோடு ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னுவின் வணக்கம். இருமல் போய்விட்டது, குரல் மட்டும் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கிறது. ஆபீஸில் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஒரு விதத்தில் வசதிதான்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டினால் அது இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். நம் குழாய் அப்பா காலத்து மண் குழாய். இணைப்பில் சிமென்ட் விட்டுப் போயிருக்கும். ஈரம் கசிகிற இடத்துக்கு வேர் எப்படியும் வந்து சேரும். நான் தினமும் பார்க்கிற கூத்துதான் இது.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. மரத்தை வெட்டிவிடுங்கள். அறை கட்டியபோது அது என் இடுப்புப் பருமன்கூட இல்லை. இப்படி வளரும் என்று யாருக்குத் தெரியும்? இன்னும் கொஞ்ச வருஷத்தில் நானும் வேலையை முடித்துக்கொண்டு அங்கே வந்துவிடப் போகிறேன். கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாதவளுக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு அறைதான். கட்டிலை எந்தப் பக்கம் தலை வைத்துப் போடுவது என்பது வரை யோசித்து வைத்திருக்கிறேன்.

அண்ணன் ஏன் எப்போதும் எழுதுகிற இரண்டு வரியை எழுதவில்லை? கடிதத்தின் அடியில் எதையாவது கிறுக்கி வம்புக்கு இழுப்பாரே. கேட்டதாகச் சொல்லுங்கள்.

சின்னு

ஏப்ரல் 6

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் குரல் சரியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். வெந்நீரைக் குடி, சும்மா இருக்காதே.

கோடு போட்டேன். இரண்டு வாரத்தில் விரிசல் கோட்டைத் தாண்டிவிட்டது.

ஆனால் சின்னு, மரத்தை வெட்டாமல் ஏதாவது செய்ய முடியாதா? நிழல் போய்விடும். சமையலறை மேற்கு வெயிலில் கொதிக்கும். துணி காயப்போடுகிற கொடியும் அதில்தான் கட்டியிருக்கிறது. இத்தனை வருஷம் நின்றதை ஒரே நாளில் சாய்க்க மனசு வரவில்லை. கொடிக்கு வேறு கம்பம் நட்டுக்கொள்ளலாமே என்று நீ கேட்பாய், தெரியும். கேட்காதே. வேரை மட்டும் ஏதாவது செய்ய முடியும் என்றால் எப்படி என்று எழுது. ஆள் வைத்து நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணனுக்குக் கையில் வலி. அதனால்தான் எழுதவில்லை. ஸ்டீயரிங் பிடித்த கை அல்லவா. மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

அண்ணி

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

கொடிக் கயிறுக்காக ஒரு மரத்தைக் காப்பாற்றுகிற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். சரி, உங்கள் இஷ்டம். எழுதுகிறேன்.

மரத்துக்கும் சுவருக்கும் நடுவில், சுவர் ஓரமாக, இடுப்பளவு ஆழத்துக்கு நீளமாகப் பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். கடப்பாரையைக் கண்டபடி போடக் கூடாது. வேர் தென்பட்டதும் கையால் மண்ணை விலக்க வேண்டும். விரல் பருமன் வேர்களை ரம்பத்தால் நேராக அறுக்கலாம். கோடரியால் கொத்தினால் நார் நாராகக் கிழிந்து அழுகும். மணிக்கட்டுக்கு மேல் பருமனாக எது வந்தாலும் கை வைக்காமல் எனக்கு எழுதுங்கள். பிறகு கனமான பிளாஸ்டிக் தகட்டைப் பள்ளத்தில் செங்குத்தாக நிறுத்தி மண்ணை மூட வேண்டும். தகட்டின் விளிம்பு மண்ணுக்கு மேலே நாலு விரல் தெரியட்டும், இல்லாவிட்டால் வேர் மேலே ஏறித் தாண்டிவிடும். மண் குழாயைத் தோண்டி எறிந்துவிட்டு, இணைப்பைப் பசை போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் குழாயாகப் போடுங்கள். மரத்துக்கு வீட்டுப் பக்கம் தண்ணீர் காட்டாதீர்கள். வேலிப் பக்கம் நன்றாக ஊற்றுங்கள்.

அண்ணன் கைக்கு டாக்டரைப் பாருங்கள்.

சின்னு

மே 11

அன்புள்ள சின்னுவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ சுகமாக இருக்கிறாயா?

பள்ளம் வெட்டியாகிவிட்டது. இரண்டு பேர் வந்தார்கள். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "கையால தோண்டணுமா? நாங்க என்ன புதையலா எடுக்கறோம்?" என்று சிரித்தார்கள். பாதி தூரம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. உன் அறையின் மூலைக்கு அடியில் ஒரு வேர், என் தொடைப் பருமன். அஸ்திவாரக் கல்லையே தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. மூத்தவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுமேல கை வெச்சா நாங்க பொறுப்பில்லம்மா" என்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கத்து டைலர் எட்டிப் பார்த்து, "மரம் எங்க பக்கம் சாயாதுல்ல அக்கா? பிள்ளைங்க அந்த ரூம்லதான் படுக்குதுங்க" என்று கேட்டார். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உன் அண்ணனுக்குப் போன வாரம் கொஞ்சம் அலைச்சல். மழை மூடிக்கொண்டு வந்த நாள். டிப்போ கண்டக்டர் ஒருவர் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டார். கால் வலித்திருக்கும். இப்போது ஒன்றுமில்லை.

அந்த வேரை என்ன செய்யட்டும்?

அண்ணி

மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் இருவரும்தான் எனக்குக் கவலை.

அந்த வேர்தான் மரத்தின் நங்கூரம். அதை அறுத்தால், காற்றடிக்கிற முதல் நாளில் மரம் எதிர்ப்பக்கம் சாயும். எதிர்ப்பக்கம் டைலர் வீடு, பிள்ளைகள் தூங்குகிற அறை. அறுக்காமல் விட்டால் நம் சுவர் போகும். நடுவில் வழி கிடையாது அண்ணி. மரம் இருக்கலாம், இல்லாவிட்டால் அறை இருக்கலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூன் கடைசியில் லீவு போட்டு வருகிறேன். மரம் வெட்டுகிற ஆட்களுக்கு நானே ஏற்பாடு செய்துவிட்டேன். கிளை கிளையாகக் கயிறு கட்டி இறக்குவார்கள், யாருக்கும் ஆபத்தில்லை. நீங்கள் பார்க்க வேண்டாம் என்றால் அன்றைக்கு எங்காவது போய்விட்டு வாருங்கள்.

அண்ணனுக்கு அலைச்சல் என்றால் என்ன அலைச்சல்? நாள் முழுக்கப் பஸ் ஓட்டிவிட்டு வந்து வீட்டுக்கு வெள்ளையடித்த மனுஷர். டிப்போவிலிருந்து நடந்து வந்தால் அவருக்குக் கால் வலிக்குமா? தெளிவாக எழுதுங்கள்.

சின்னு

ஜூன் 2

சின்னு,

அண்ணன். எப்படி இருக்கிறாய்? நான் இருக்கிறேன்.

இதை டிப்போ கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் விலாசம் நினைவில் இல்லை. நீ அனுப்பிய பழைய கவர் ஒன்றை அண்ணியின் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, அதைப் பார்த்து எழுதுகிறேன். நேற்றும் எழுத உட்கார்ந்தேன். எதற்கு உட்கார்ந்தேன் என்பது போய்விட்டது. அதனால் இன்றைக்கு உள்ளங்கையில் 'சின்னு, மரம்' என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

மரத்தை வெட்ட ஆள் பேசிவிட்டாயாம். வேண்டாம் அம்மா.

நம் தெருவும் பக்கத்துத் தெருக்களும் ஒரே அச்சு. ஒரே கேட், ஒரே படி, ஒரே மஞ்சள் சுவர். என்னை எந்த ரூட்டில் போட்டாலும் திரும்ப வேண்டிய இடத்தில் என் கை தானாகத் திரும்பும். அது உனக்குத் தெரியும். இப்போது டிப்போ வாசலில் நின்றால் இடமா வலமா என்று கை சொல்வதில்லை. தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். வீடுகளுக்கு மேலே அந்த மரத்தின் தலை மட்டும் குடை விரித்த மாதிரி தெரிகிறது. கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். வீடு வந்துவிடுகிறது. சாயங்காலமானால் இலையை மடக்கிக்கொண்டு வேறு மரம் மாதிரி ஆகிவிடும், அதனால் வெயில் இருக்கும்போதே திரும்பிவிடுகிறேன். அன்றைக்கு மேகம் இருட்டியதும் இலை மடங்கிவிட்டது. ஏமாந்துவிட்டேன்.

உன் அண்ணி எல்லாவற்றையும் கவனித்துவிட்டாள். ஒன்றும் கேட்க மாட்டாள். வீட்டு விலாசத்தை எழுதிச் சட்டைப்பையில் வைக்கிறாள். கேட்டால் சலவைக் கடைச் சீட்டு என்கிறாள். நானும் சலவைக் கடைச் சீட்டு என்றே வைத்துக்கொள்கிறேன். என் நிலைமை எனக்கே தெரியாது என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையில்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது. அதைக் கெடுக்காதே. நான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை அவள் காதுக்குப் போகக் கூடாது.

அப்பாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்பது கூடவே இருந்த உனக்குத் தெரியும். அதனால்தான் அவள் உன்னிடம் மறைக்கிறாள். நீ உன்னையே நினைத்துப் பயந்துபோவாய் என்று. பயப்படாதே. உனக்கு எல்லாம் அம்மா ஜாடை.

நானாக நடந்து வீட்டுக்கு வருகிறவரைக்கும் மரம் நிற்கட்டும். அதற்கப்புறம் உங்கள் இஷ்டம்.

திரும்பப் படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை.

அண்ணன்

ஜூன் 13

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? எனக்கு இங்கே வேலை கழுத்தைப் பிடிக்கிறது. மழைக்கு முன்னால் கால்வாய் தூர் வாரியாக வேண்டும், ஜூன் லீவு ரத்து. மரம் வெட்டும் ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன கடிதத்தில் சொன்னதை இந்தக் கடிதத்தில் மாற்றிச் சொல்கிறேன். அதிகாரி என்றால் அப்படித்தான். மரம் நிற்கட்டும். என் அறையை இடித்துவிடுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த அறை பிறகு ஒட்டவைத்துக் கட்டியதுதான். அதை எடுத்துவிட்டால் வீட்டின் பழைய சுவர் நன்றாகப் பின்னால் தள்ளி நிற்கும். அந்தச் சுவர் ஓரமாகத் தகட்டை இறக்குங்கள். அங்கே விரல் பருமன் வேர்தான் வரும், பயமில்லாமல் அறுக்கலாம். பெரிய வேரை யாரும் தொட வேண்டாம். அஸ்திவாரக் கல்லை எடுத்ததும் மண்ணைப் போட்டு மூடிவிடச் சொல்லுங்கள். வேர் வெயிலில் காயக் கூடாது. புதுக் குழாயைக் கிழக்குப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். டைலரிடம் சொல்லுங்கள், வேரை அறுக்கப் போவதில்லை, மரம் சாயாது, பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கலாம்.

எனக்கு எதற்குத் தனி அறை? ஹாலில் ஒரு கட்டில் போட்டால் போதாதா? என்னிடம் காரணம் கேட்காதீர்கள். கொடிக் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் சின்னு 'ரைட்' சொன்னாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

சின்னு

ஜூலை 20

என் அன்புச் சின்னுவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பேனா மாறிப்போய் வேறு யாரோ எழுதிய மாதிரி இருந்தது. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அறையை இடித்தாகிவிட்டது. கொத்தனார் முதல் அடி போடுவதற்கு முன்னால் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு, "மரத்துக்காக வீட்ட இடிக்கிறத இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணன், "அது எங்க தங்கச்சி ரூமு. அவ சொன்னா சொன்னதுதான். நீ இடிப்பா" என்றார். ஜன்னலைக் கழற்றி டைலருக்குக் கொடுத்துவிட்டேன். சுவர் விழுந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் கட்டில் வரவேண்டிய இடத்தில் இப்போது வெயில் விழுகிறது.

நீ 'ரைட்' சொன்னதை அவரிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல, கண்டக்டர் ரைட் குடுத்துட்டா வண்டிய எடுக்கணும்ல" என்றார். ஏதோ பழைய நினைவு போலிருக்கிறது.

சின்னு, ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். அவருக்குக் கையில் வலி எதுவும் இல்லை. மறந்துபோகிறார். சொன்னதையே சொல்கிறார், செருப்பை அரிசி டப்பாவில் வைக்கிறார். மாமாவுக்கு வந்த அதேதான் என்று டாக்டரும் என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டார். அந்த மரத்தைப் பார்த்துத்தான் வீட்டுக்கு வருகிறார் என்று நினைக்கிறேன். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன், தலையைத் தூக்கிக்கொண்டே நடக்கிறார். இதை எப்படி உனக்கு எழுதுவேன்? மாமாவோடு அத்தனை வருஷம் நீதான் பட்டாய். இப்போது நான் வாய்விட்டுக் கேட்காமலே அறையைக் கொடுத்துவிட்டாய். இனியும் மறைத்தால் நான் மனுஷி இல்லை.

ஒரே ஆறுதல், அவருக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் தாங்க மாட்டார்.

அண்ணி

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள்மேல் கோபம் துளியும் இல்லை. நீங்கள் தனியாக அழுதீர்கள் என்பதுதான் வருத்தம்.

அப்பாவைப் பார்த்துக்கொண்டபோது நான் கற்றது கொஞ்சம்தான். தப்பாகச் சொன்னால் திருத்தக் கூடாது. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவர் எந்த ஊரில் இருப்பதாகச் சொல்கிறாரோ அந்த ஊருக்கு நாமும் போய்விட வேண்டும். நான் முதல் இரண்டு வருஷம் திருத்திக்கொண்டே இருந்தேன், இரண்டு பேருக்கும் அழுகைதான் மிச்சம்.

பயம் எனக்கு உண்டு. சாவியை எங்கே வைத்தேன் என்று தேடினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணனுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். நல்லதுதான் அண்ணி. அப்படியே இருக்கட்டும்.

வேலையை முன்கூட்டியே முடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்துவிட்டேன். உத்தரவு வந்ததும் புறப்படுகிறேன்.

சின்னு

நவம்பர் 8

என் அன்புச் சின்னுவுக்கு,

உத்தரவு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். பாத்திரமெல்லாம் சுமந்து வராதே, இங்கேயே நிறைய இருக்கிறது. குளிருக்குப் போர்வை மட்டும் எடுத்து வா.

மழை முடிந்தது. பெரிய காற்று இரண்டு தடவை அடித்தும் மரம் அசையவில்லை. தண்ணீர் தேங்காமல் போகிறது. பழைய சுவரில் நீ சொன்ன மாதிரி பென்சில் கோடு போட்டு வைத்தேன். ஒரு கீறல்கூட இல்லை. உன் அறை இருந்த இடத்தில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன்.

அவர் இப்போதும் காலையில் போய்விட்டு வெயில் இருக்கும்போதே திரும்பிவிடுகிறார். நான் தூரத்தில் பின்னால் போவேன். நேற்று கால் சுளுக்கி நான் போகவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக வந்தார். கேட்டைத் திறந்தார். வீட்டுக்குள் வராமல் நேராக மரத்தடிக்குப் போய், அண்ணாந்து பார்த்துவிட்டு நின்றார். நான் பக்கத்தில் போனதும் இரண்டு அடி விலகி, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இங்க கொஞ்சம் உக்காரலாங்களா? ரொம்ப தூரம் நடந்துட்டேன்" என்றார்.

கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பிறகு நீ எழுதியது ஞாபகம் வந்தது. "உக்காருங்க. டீ கொண்டாரேன்" என்றேன்.

டீயை வாங்கிக்கொண்டு, "வீட்டுக்காரர் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"வெளிய போயிருக்காரு. வந்துடுவாரு."

"நேரத்துக்கு வந்துடுவாரா?"

"இதுவரைக்கும் வராம இருந்ததில்லீங்க."

அவருக்கு அது பிடித்துவிட்டது. தலையை ஆட்டினார். "அப்ப இருந்து அவரைப் பாத்துட்டே போறேன்" என்றார்.

நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலே இலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும் வரை, வீட்டுக்காரர் வருவதற்காக இருவரும் சேர்ந்து காத்திருந்தோம்.

சீக்கிரம் வா.

அண்ணி